பேச்சியின் மஞ்சள்கயிற்றுத் தட்டு

ஆவுடையாள்புரத்து ஸ்கேன் சென்டரில், உடம்பில் இல்லாத நகையெல்லாம் படத்தில் விழ ஆரம்பித்தது ஒரு ஆடிச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். முதலாவதாக விழுந்தது பிச்சம்மாள் என்கிற கழுத்துவலிக்காரியின் தாலி. பிச்சம்மாளுக்குத் தாலி இறங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது என்பதுதான் இதில் ஒரே சிக்கல்.

எம்.ஆர்.ஐ. மெஷினை உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால், அது ஒரு காந்தக் குகை, ஆளைப் படுக்கவைத்து உள்ளே தள்ளி டமடமவென்று அடித்தால் எலும்பும் நரம்பும் படமாக வரும். இரும்பு அதன் பக்கத்திலேயே போகக் கூடாது. பொன்னும் வெள்ளியும் போனால் இழுக்காது, ஆனால் படம் கெடும், நகை கிடக்கிற இடம் கறுப்பாகக் குழி விழுந்து ஓரம் வெள்ளையாக மினுங்கும். இப்படிப் படத்தில் விழுகிற பொய்களைப் பிடித்துத் திருத்துவதுதான் சண்முகவடிவின் வேலை. பதினாலு வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மூச்சு இழுத்தால் வயிறு நாலு வயிறாக விழும், கதவு நல்லாச் சாத்தாவிட்டால் படத்துக்குக் குறுக்கே புள்ளிக்கோடு ஓடும், ஆள் ஆடினால் ஆவிபோல இன்னொரு ஆள் பக்கத்தில் நிற்கும் என்று எல்லாப் பொய்யையும் அத்துப்படியாக வைத்திருந்தாள். சந்தேகம் வந்தால் அவளுக்கு ஒரே வழிதான். திசையை மாற்றி இன்னொரு தடவை எடுப்பாள். பொய் இடம் மாறும், நோய் இருந்த இடத்தில் இருக்கும். அதற்கு ஆறு நிமிஷம் பிடிக்கும்.

நகை கழற்றும் வேலை பேச்சியம்மாளுடையது. அம்பத்தைந்து வயசு, கட்டை உருவம், வாய் ஓயாது, ஆனால் கை அதைவிட வேகம். வெளிவராந்தாவில் ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு எதிரே அவள் ஸ்டூல், மடியில் ரோஸ் கலர் பிளாஸ்டிக் தட்டு, தட்டு நிறைய மஞ்சள் முடிந்த கயிறு. கட்டுக்கழுத்திகள் வந்தால் முதலில் கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் தாலியைக் கழற்றுவாள். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அவள் கழுத்திலும் வெறும் மஞ்சள் கயிறுதான், வீட்டுக்காரர் திருப்பூர்ப் பக்கம் போனவர் போனவர்தான். ஊசி அளவு உலோகம் அவள் உடம்பில் கிடையாது.

அன்றைக்கு வடிவு கதவைத் திறந்து சத்தம் போட்டாள். “பேச்சியக்கா, அந்தம்மாவுக்குத் தாலியைக் கழட்டலையா?”

“அவளுக்கு ஏது தாயி தாலி? கதிரேசன் செத்து ஆறு வருஷமாச்சில்ல.”

வடிவு உள்ளே போய்ப் பார்த்தாள். கழுத்து காலி. திசையை மாற்றி எடுத்தாள், ஆறு நிமிஷம் கழித்து அந்தக் கறுப்பு தெற்கே சாய்ந்திருந்தது வடக்கே சாய்ந்தது. உலோகத்துக்கு உள்ள குணமெல்லாம் அதற்கு இருந்தது, உலோகம்தான் இல்லை.

அந்த வாரத்திலேயே வயிற்றுவலிக்காரர் ஒருவரின் மணிக்கட்டில், விபத்தில் போன தம்பியின் வாட்ச் விழுந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தியின் மூக்கில், கோபித்துக்கொண்டு தாமிரபரணியில் கழற்றி எறிந்த மூக்குத்தி விழுந்தது. ரிட்டயர்டு வாத்தியார் நெல்லையப்பனின் இடுப்பில், நாலுவழிச் சாலைக்கு இடிபட்ட வீட்டின் சாவிக்கொத்து, மூன்று பெரிய சாவி இரண்டு சின்னச் சாவி என்று எண்ணிப் பார்க்கிற மாதிரி விழுந்தது. பேச்சியின் தட்டில் கிடக்கிற நகை எதுவும் விழவில்லை. இனித் திரும்பி வராது என்று ஆனது மட்டும் விழுந்தது. சென்னையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்து, சோதனைக்கு வைக்கிற தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்து எடுத்துப் பார்த்தார். சுத்தமாக வந்தது. பாட்டில் எதைப் பறிகொடுத்தது, அதற்கு நிழல் விழ! பிறகு வழக்கப்படி தானே உள்ளே போய்ப் படுத்தார், வெளியே வந்து தன் படத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் மோதிரவிரலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அப்புறம் ‘மெஷின் நல்ல நிலையில் உள்ளது’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நெல்லை எக்ஸ்பிரசுக்குக் கிளம்பிவிட்டார்.

அதிசயம் ஒருபக்கம் இருக்கட்டும், அதற்குப் பின்னால் இருக்கிற எலும்பைப் பார்க்கணுமே. “தாலி இருக்குங்கிறீங்க சரி, கழுத்தெலும்பு எங்கம்மா?” என்று ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் தேவசகாயம் வடிவைக் கேட்டார். பிச்சம்மாளை மறுபடி வரச்சொன்னார்கள். பெஞ்சில் அவளுக்கு முன்னால் இருந்தவளுக்கும் பின்னால் இருந்தவளுக்கும் பேச்சி கயிறு கட்டினாள், இவளை மட்டும் தாண்டிப் போனாள். பிச்சம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு மட்டும் கயிறு கிடையாதோ மதினி?”

பேச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுத்த கழுத்தில் மஞ்சள் கயிறா, ஊர் என்ன சொல்லும், சாமி என்ன சொல்லும் என்று ஒரு நிமிஷம் தட்டையே பார்த்தாள். அப்புறம், என்ன நினைத்தாளோ, ஒரு கயிற்றை எடுத்துக் கட்டிவிட்டாள். கட்டி முடிக்கும்முன்பே பிச்சம்மாள் உடைந்துபோனாள். கதிரேசன் கடைசிநாள் காலையில் உளுந்தவடை கேட்டதையும், எண்ணெய் ஆகாது என்று இவள் தராமல் விட்டதையும், ஆறு வருஷமாக வடை சுடும்போதெல்லாம் முதல் வடையைக் காக்காய்க்கு வைத்துவிட்டுத் தான் தின்னாமல் இருப்பதையும், யாரிடமும் சொல்லாததையெல்லாம் பேச்சியிடம் சொன்னாள். பேச்சி “உம்” கொட்டிக் கேட்டாள். அன்றைக்கு எடுத்த படத்தில் கழுத்தெலும்பு ஏழும் கழுவி வைத்த மாதிரி தெரிந்தது.

அப்படித்தான் திருத்தும் வழி தெரிந்தது. உள்ளே போனபிறகு பேசினால் உடம்பு ஆடும், படம் கெடும். ஆகவே போவதற்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல வேண்டியது, எது இல்லாமல் போனதோ அது இருந்த இடத்தில் பேச்சி கயிறு கட்டுவாள், அப்புறம் உள்ளே போய் ஆடாமல் படுக்க வேண்டியது. ஊர் இதை ஒரு மாசத்தில் பழகிக்கொண்டது. அம்மன் கோயில் பூசாரி வாராவாரம் ஒரு கட்டுக் கயிறு கொடுத்தனுப்பினார், பள்ளிவாசல் தெருப் பெண்கள் வெள்ளை நூல் கொண்டுவந்தார்கள், சர்ச்சுக்காரர்கள் எந்த நூலானாலும் சரி என்றார்கள். நோய் இல்லாதவர்கள்கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புருஷன் படத்தில் தனக்குத் தெரியாத மோதிரம் விழுந்துவிட்டதென்று ஒருத்தி மூன்று நாள் சோறு பொங்காமல் இருந்தாள், நாலாம் நாள் தானும் வந்து, தன் காலில் கிடந்த யாருக்கும் தெரியாத கொலுசைப் பேச்சியிடம் சொல்லிவிட்டுப் போய்ப் பொங்கினாள். டாக்டரும் பழகிவிட்டார், ‘கறுப்பு: சாவிக்கொத்து, நோய் அல்ல’ என்று ரிப்போர்ட்டில் தயங்காமல் எழுதினார். சொன்னவர்களின் நிழல் எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தீர்ந்தால் போதும் என்றுதானே எல்லாரும் இருக்கிறோம்.

இரண்டு வருஷம் போனது. பேச்சிக்கு முதுகுவலி வந்தது.

“ஸ்டூல்லயே உக்காந்துருக்கில்லா, அதான்,” என்றாள் பேச்சி. வடிவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை, பெஞ்சில் பதினோரு பேர் காத்துக்கொண்டிருக்கும்போது, இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கவைத்தாள். அப்போதுதான் தெரிந்தது. பேச்சியின் நெஞ்சில் தாலிமேல் தாலியாக முப்பது தாலி, மணிக்கட்டில் வாட்ச், இடுப்பில் சாவிக்கொத்து, முதுகுத்தண்டு முழுக்கக் கம்மலும் மெட்டியும் மோதிரமும், படம் முழுக்கக் கறுப்புக் குழிகள். ஊர் சொன்னதெல்லாம் கேட்டவள் உடம்பில் வந்து இறங்கியிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வடிவு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்து படத்தைப் பார்த்த பேச்சி அழவில்லை. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, இது பிச்சம்மாது, இது வாத்தியாருது என்று அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தவள், இடது இடுப்பெலும்பில் காசு அகலத்துக்குக் கிடந்த ஒரு கறுப்பில் நின்றுவிட்டாள்.

“இது யாருது அக்கா?”

“இது என்னுது தாயி. எம்புள்ளையோட அரைஞாண். வெள்ளி அரைஞாண். இந்த இடுப்புலதான் அவன வச்சிருப்பேன், அழுந்தி அழுந்தித் தழும்பா இருக்கும்.”

பேச்சிக்கு ஒரு பிள்ளை இருந்தான், இரண்டரை வயசில் போய்விட்டான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவள் வாயிலிருந்து அவனைப் பற்றி ஒரு சொல் அன்றுவரை வந்ததில்லை. வடிவு அந்தக் கறுப்பையே பார்த்தாள். ஓரத்தில் அந்த வெள்ளை மினுக்கம் ஒருபக்கம் இருந்தது, ஒருபக்கம் இல்லை. திசையை மாற்றி ஒரு தடவை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

“சொல்லிருங்க அக்கா, என்கிட்டச் சொல்லுங்க. கயிறு கட்டி எடுத்துப் பாத்துருவோம்.”

“வேண்டாம் தாயி. அவனுக்கு ஒரு போட்டோ கிடையாது. இதான் இருக்கு. இதையும் சொல்லி அழிச்சிட்டா எனக்கு என்ன மிச்சம்? வெளிய ஆளு காத்துட்டிருக்கு, நான் போறேன்.”

வடிவு திசையை மாற்றவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதற்குமேல் மெஷினில் கைவைக்க மனசு வராது. டாக்டர் ‘கறுப்பு: அரைஞாண், நோய் அல்ல’ என்று எழுதினார். பேச்சி அந்தப் படத்தின் பிலிமை வாங்கிக்கொண்டு போய் வீட்டுச் சுவரில், சாமிப் படங்களுக்கு நடுவில் மாட்டிவைத்தாள்.

எட்டு மாசம் கழித்து, ஒருநாள் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கப் போனவளுக்கு இடதுகால் வரவில்லை. தட்டு உருண்டு கயிறெல்லாம் வராந்தாவில் சிதறியது. வடிவு அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்து ஒருதடவை எடுத்தாள், திசையை மாற்றி இன்னொருதடவை எடுத்தாள். ஆறு நிமிஷம். தாலி எல்லாம் சாய்ந்தது, வாட்ச் சாய்ந்தது, சாவிக்கொத்து சாய்ந்தது, இடது இடுப்பில் இப்போது உள்ளங்கை அகலத்துக்குப் பரந்திருந்த கறுப்பு இருந்த இடத்தில் இருந்தது.

வடிவு ஒளிக்கவில்லை. வீல்சேருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “அக்கா, அது நோய். எலும்புல புத்துநோய். அன்னைக்கே நான் ஒரு தடவை மாத்தி எடுத்திருக்கணும். ஆறு நிமிஷம் அக்கா. நான் எடுக்கலை,” என்று சொன்னாள்.

பேச்சி கேட்டாள், “அப்ப எம்புள்ள எங்க தாயி?”

எட்டு மாசமாகப் பேச்சி விளக்கேற்றிக் கும்பிட்டது பிள்ளையை இல்லை, நோயை.

நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் தொடங்க முடியாது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். முதுகுத்தண்டு முழுக்க ஊர் நிழல் கிடந்து எலும்பை மறைத்தது. இதைக் கேள்விப்பட்ட மறுநாள் காலை, பெஞ்சில் முதல் ஆளாகப் பிச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் கட்டிய கயிறு, மஞ்சள் போய் வெளுத்து, இன்னும் கழுத்தில் கிடந்தது.

“என்னோடதக் கொடுங்க மதினி.”

“என்னத்தடி?”

“அவரு வடை கேட்டாருல்ல, அதை. நீங்க சொல்லுங்க, நான் கேட்டு வாங்கிக்கிடுதேன். கழுத்துல கறுப்பு இருந்தா இருந்துட்டுப் போவுது, அவரு என்ன எனக்கு அசலாளா?”

பேச்சி சொன்னாள், பிச்சம்மாள் “உம்” கொட்டினாள். அப்புறம் வாத்தியார் நெல்லையப்பன் கைத்தடியோடு வந்து உட்கார்ந்து, தன் வீட்டு நிலைவாசல், மச்சுப்படி, கிணற்றடி முருங்கை எல்லாவற்றையும் பேச்சி வாயால் கேட்டு, ஐந்து சாவியையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனார். மூக்குத்திப் பெண் கல்யாணமாகிப் போன ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். பத்தொன்பது நாள் இப்படி ஊரே வந்தது, அழுதுகொண்டு வந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு வந்தது, வரத் தவறியவர்களைப் போய் இழுத்துக்கொண்டும் வந்தது. பேச்சி ஒன்றையும் மறந்திருக்கவில்லை, ஒரு வடையைக்கூட.

இருபதாம் நாள் எடுத்த படத்தில் பேச்சியின் எலும்பெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்ததனால்தான் தெரிந்தது, நோய் முதுகில் நாலு இடத்துக்கு ஏறியிருந்தது. டாக்டர் தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். “அன்னைக்கே பாத்திருந்தா சார்?” என்று வடிவு கேட்டாள். “நானும்தானேம்மா எழுதினேன்,” என்றார் அவர்.

வடிவுக்கு விட மனசில்லை. எலும்பில் இருக்கிற நோயை வெள்ளையாகக் காட்டுகிற ஒரு முறை உண்டு, அந்த முறையில் உலோகம் மட்டும் கறுப்பாகவே கிடக்கும். அதைப் போட்டு, இடது இடுப்பை மட்டும் எடுத்தாள். திரையில் பேச்சியின் இடுப்பெலும்பு விளக்குப் போட்ட மாதிரி வெளிச்சமாக வந்தது, அவ்வளவும் நோய். அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே, நூல் கனத்தில், வளையம் வளையமாகக் கோத்து, நடுவில் ஒரு சின்னத் தாயத்தோடு, கறுப்பாக ஒரு அரைஞாண் கிடந்தது. திசையை மாற்றினாள். ஆறு நிமிஷம் கழித்து அரைஞாண் சாய்ந்தது.

“அக்கா, இந்தா இருக்கான். இங்கதான் இருந்திருக்கான்.”

பேச்சி திரையைக் கண்கொட்டாமல் பார்த்தாள். தாயத்தின்மேல் விரலை வைத்தாள். “ஏ ஐயா, ஏ ஐயா,” என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, “என்னைப் பெஞ்சுல கொண்டுபோய் உக்காரவை தாயி. நீ அந்த ஸ்டூல்ல உக்காரு,” என்றாள்.

“வேண்டாம் அக்கா. எலும்பு தெரிஞ்சிருச்சு, போதும். அவன் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“நான் போனப்புறம் எங்க இருப்பான்? எரிக்கையில கூடப் போயிருவான்லா. நீ கேளு.”

வடிவு தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேச்சி சொன்னாள். பேரு சுடலைமுத்து. கீழே விட்டால் முழித்துக்கொள்வான், இடுப்பில் இருந்தால்தான் தூங்குவான். அன்றைக்குக் காய்ச்சல், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள், ஆலங்குளம் தாண்டினதும் அழுகை நின்று தோளில் சாய்ந்துவிட்டான், அப்பாடா தூங்கிவிட்டான் என்று இவளுக்கு ஒரு நிம்மதி. கண்டக்டர் விசில் ஊதி டிக்கெட் டிக்கெட் என்று கத்திக்கொண்டு வந்தார். “மெதுவாப் பேசுங்கண்ணே, புள்ள தூங்குதான்னு சொன்னேன் தாயி. அந்த மனுசனும் பஸ் பூரா மெதுவாவே பேசிட்டு வந்தாரு. ஆஸ்பத்திரியிலதான் சொன்னாக, அவன் போயி ஒரு மணிநேரம் ஆச்சுன்னு. எனக்குத் தெரியலையே. என் இடுப்புலதான் இருந்தான், எனக்குத் தெரியலையே.”

வடிவு “உம்” கொட்டினாள். பேச்சியின் இடது இடுப்பைச் சுற்றி மஞ்சள் கயிற்றைக் கட்டினாள்.

“அதனால சொல்லுதேன். பக்கத்துலயே இருந்தும் தெரியாமப் போறது உனக்கு மட்டும் நடந்தது இல்ல. அழாத,” என்றாள் பேச்சி.

தை பிறந்து நாலாம் நாள் பேச்சி இறந்தாள். ஊரே வந்தது. சுவரிலிருந்த பிலிமையும் கூடவே வைத்து எரித்தார்கள்.

பங்குனியில் மெஷினுக்குப் புதுப் பாகம் மாட்ட சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். தண்ணீர் பாட்டில் சோதனை முடிந்ததும் ஆள் படுக்க வேண்டும், வடிவு நானே படுக்கிறேன் என்று உள்ளே போனாள். டமடமவென்று அடித்து ஓய்ந்தது. காதுக்குள் மைக்கில் இன்ஜினியர் குரல் பெரிதாகக் கேட்டது.

“மேடம், இடுப்புல ஏதாவது போட்டிருக்கீங்களா? இடது பக்கம் செயின் மாதிரி கறுப்பா விழுது.”

“திசையை மாத்தி எடுங்க சார்.”

ஆறு நிமிஷம். வடிவு ஆடாமல் படுத்திருந்தாள், மூச்சைக்கூட அளந்து விட்டாள்.

“சாயுது மேடம். நோய் இல்ல, ஏதோ நகைதான். கழட்டிட்டு வந்துருங்களேன், படம் சுத்தமா வரும்.”

வடிவு இடது கையை மெல்ல நகர்த்தி இடுப்பின்மேல் வளைத்து வைத்துக்கொண்டாள்.

“மெதுவாப் பேசுங்க சார்,” என்றாள். “புள்ள தூங்குதான்.”